டோனட் டிரம்மும் கரடியும்

வேட்டைக்குக் கரடியை வரவழைக்க, தேனைத் தகர டப்பாவில் ஊற்றி, சின்ன கேஸ் அடுப்பில் கருகும்வரை காய்ச்சினார் பக்கத்து வீட்டுப் பெரியவர். புகை காற்று வாட்டத்தில் காட்டுக்குள் போனது. அந்த வாடை கரடிக்கு எவ்வளவோ தூரத்திலேயே எட்டிவிடுமாம்.

இது அமெரிக்காவில், நான் குடியிருக்கும் மேய்ன் மாநிலத்தில். மரத்தோடு சங்கிலியால் கட்டிய டிரம். உள்ளே பழைய டோனட். மேல்கிளையில் சோம்பு எண்ணெயில் முக்கிய துணி. டிரம்மைச் சுற்றி, பொரித்து மீந்த எண்ணெயைத் தரையில் ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். வந்து தின்னும் கரடி அந்த எண்ணெயை மிதித்துக்கொண்டே காட்டுக்குத் திரும்பும். அதன் கால்தடத்தை மோப்பம் பிடித்து இன்னொரு கரடி வரும் என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இங்கே கரடி வேட்டை ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பே தீனி வைக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கரடிக்கு ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைகூடத் தேவைப்படும். அந்தப் பசியைத்தான் நாம் பிடித்து இழுக்கிறோம்.

பெரியவர் ஈவிரக்கமில்லாதவர் அல்ல. அவர் கொடுத்த கரடிக்கறியை நானும் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். இது அடர்ந்த காடு. தீனிக்கு வரும் கரடியைப் பரணில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால்தான் குட்டியோடு வரும் தாயை விட்டுவிட முடியும் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. தீனி வைப்பதைத் தடை செய்யலாமா என்று 2004இலும் 2014இலும் வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் இரண்டு முறையும் தடை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அதே 2014இல், பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில், தீனி வைத்த இடத்தருகே நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. இரண்டு பெண் கரடிகள், இரண்டு குட்டிகள். ஒரு குண்டும் பாயவில்லை. தீனியாக வைத்த சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் என்ற பொருள்தான் விஷமாகிக் கொன்றது. தாயைப் பார்த்து விட்டுவிடுவோம் என்கிறோமே, ஆள் இல்லாத நேரத்தில் டிரம்மில் வாய் வைக்கும் தாயை யார் பார்ப்பது? அங்கே பிறகு சாக்லேட்டைத் தடை செய்தார்கள். தீனி வைப்பதை நிறுத்தவில்லை.

கொலராடோ மாநிலத்தில் 1992லேயே வாக்கெடுப்பு நடத்தித் தடை கொண்டுவந்தார்கள். கரடி வேட்டை அங்கே இன்றும் நடக்கிறது, தீனி இல்லாமல்.

இங்கே மறுபடி வாக்கெடுப்பு வந்தால் நான் தடைக்குத்தான் போடுவேன். பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை ராத்திரி உள்ளே எடுத்து வையுங்கள்" என்றார்.