சொல்மேகத்தைக் காட்டிவிட்டால் பாடம் முடிந்துவிட்டதா?

ஒரு பாடப்பகுதியை எடுத்து மென்பொருளில் ஒட்டுகிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள். சொற்கள் பெரிதும் சிறிதுமாக, பல வண்ணங்களில் சிதறிக் கிடக்கும் 'சொல்மேகம்' என்ற படம் ஒன்று திரையில் வருகிறது. "பெரிதாகத் தெரிகிறதே, அதுதான் இந்தப் பாடத்தின் மையக்கருத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆசிரியர் பயிற்சிகளில் இதை மாதிரி வகுப்பு என்று காட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எது மையக்கருத்து? எந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்று இயந்திரம் எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையைப் பொருள் என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய்.

12ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை." ஏழே சீர்கள். 'துப்பார்க்கு' இரண்டு முறை, 'துப்பாய' இரண்டு முறை. சொல்மேகத்தில் இவை இரண்டும் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். 'மழை' ஒரே ஒரு தடவைதான் வருகிறது. ஆகவே அது பொடி எழுத்தில் ஏதோ ஒரு மூலையில் ஒண்டிக் கிடக்கும். ஆனால் குறள் பேசுவதே மழையைப் பற்றித்தானே! உண்பவர்க்கு உணவை விளைவித்துக் கொடுத்து, தானும் அவர்களுக்கு உணவாவது எது என்று நம்மைக் காக்க வைத்து, கடைசிச் சீரில் வள்ளுவர் விடையைச் சொல்கிறார். அந்த வரிசையில்தான் அதன் அழகெல்லாம் இருக்கிறது. அதைக் கலைத்துப் போட்டுவிட்டு எதைக் கற்பிக்கப் போகிறோம்?

391ஆம் குறளுக்கு வேறு விதமான அநியாயம் நடக்கிறது. கற்க, கற்பவை, கற்றபின் என்று ஒரே வினை மூன்று உருவில் வந்து அழுத்துகிறது. வாய்விட்டுப் படித்தால் எந்தப் பிள்ளைக்கும் அது கேட்கும். மென்பொருளுக்கோ அவை ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று சொற்கள். மரம், மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்று வந்தாலும் நான்காகத்தான் எண்ணும். வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி வரும் மொழியில், வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத கருவி எப்படிச் சரியாக எண்ணும்?

அதற்கும் முன்பே தடுக்கி விழும் கருவிகள் உண்டு. பைதான் என்ற நிரல்மொழியில் பலரும் பயன்படுத்தும் சொல்மேக நிரலை அதன் இயல்பு அமைப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டங்கள் வரும். எழுத்துருவைக் கொடுத்தாலும், புள்ளியையும் துணையெழுத்துகளையும் எழுத்தின் பகுதியாக அது ஏற்காது. அந்த இடங்களிலேயே சொல்லை வெட்டிவிடும். 'தமிழ்' என்ற சொல்லே அதில் முழுதாக வராது. இந்தச் சிதைவை அப்படியே திரையில் போட்டு, தமிழ் வகுப்பில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எதிர்மறை இன்னும் மோசம். 'போர் வேண்டாம்' என்று பத்து முறை கெஞ்சும் கட்டுரையில் 'வேண்டாம்', 'இல்லை', 'அல்ல' எல்லாவற்றையும் பொதுச்சொற்கள் என்று வடிகட்டிவிட்டால் 'போர்' மட்டும் பிரமாண்டமாக நிற்கும். கட்டுரை போரைக் கொண்டாடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் திருத்த நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

2008இல் ஜொனாதன் ஃபெயின்பெர்க் 'வேர்டில்' என்ற தளத்தை உருவாக்கிய பிறகுதான் இந்தப் படங்கள் இவ்வளவு பரவின. (பின்னாளில் அதே பெயரில் வந்த ஐந்தெழுத்துப் புதிர் விளையாட்டு வேறு.) அழகாக இருந்தது, பிடித்துப்போனது. அதில் தவறில்லை. ஆனால் இந்தப் படங்களில் பொதுவாக நிறத்துக்கும் இடத்துக்கும் எந்தப் பொருளும் கிடையாது. ஒரே எண்ணிக்கையில் வந்த இரண்டு சொற்களில் நீளமானது தானாகவே அதிக இடத்தைப் பிடித்து முக்கியமானதுபோல் தோன்றும். "இது ஏன் சிவப்பு?" என்று ஒரு சிறுமி கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை.

எனக்கு மிகவும் வலிப்பது, பிள்ளைகள் அனுப்பும் சொற்களை உடனுக்குடன் சொல்மேகமாக்கித் திரையில் காட்டும் நேரடிக் கருத்துக்கணிப்புதான். "இந்தக் கதை உங்களுக்கு என்ன உணர்வைத் தந்தது? ஒரே சொல்லில் அனுப்புங்கள்." முதலில் வந்த 'சோகம்' திரையில் தெரிந்ததும் அடுத்தவரும் 'சோகம்' என்று அனுப்புகிறார், அதற்கடுத்தவரும் அதையே அனுப்புகிறார். சொல் ஊதிக்கொண்டே போகிறது. ஒரு பிள்ளை மட்டும் 'கோபம்' என்று அனுப்பியிருக்கிறது. அந்த வகுப்பில் கதையை உண்மையாகவே படித்த பிள்ளை அதுவாகக்கூட இருக்கலாம். ஏன் கோபம் வந்தது, யார்மேல் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. உன் எண்ணம் சிறியது என்று எழுத்தின் அளவிலேயே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறோம். யோசிக்கத் தொடங்கியவரை ஒரே சொல்லில் நிறுத்துவது எந்த வகைக் கற்பித்தல்?

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு மாணவர் தன் கட்டுரையையே அதில் போட்டு, 'மிகவும்' என்ற சொல்லை எத்தனை இடத்தில் இறைத்திருக்கிறார் என்று தானே கண்டுபிடிக்கட்டும். அங்கே எண்ணிக்கைதான் தேவை, கருவியும் அதைத்தான் தருகிறது. பாடத்தைப் படிக்கும் முன் படத்தைக் காட்டி, "இது எதைப் பற்றியதாக இருக்கும்?" என்று ஊகிக்க வையுங்கள். படித்து முடித்ததும் படம் எங்கே ஏமாற்றியது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். நல்ல வகுப்பு அந்தத் தேடலில்தான் நடக்கும்.

ஆனால் அதற்கு நேரம் வேண்டும். வகுப்பைப் பார்வையிட வருபவர் "தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டதா?" என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிள்ளைகள் அந்தப் படத்தைப் பற்றி ஒரு முழு வாக்கியமாவது பேசினார்களா என்று கேட்கும் கட்டம் அவருடைய படிவத்தில் இல்லை. முதலில் அதைச் சேருங்கள்.