உப்பில் புதைத்தால் உயிர் திரும்பாது

"நீரில் மூழ்கி இறந்தவரைச் சில மணி நேரம் உப்பில் புதைத்தால் உப்பு நீரை உறிஞ்சி உயிர் மீளும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. முழுப் பொய். வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பில் இதை நம்புவது பேராபத்து.

மூழ்கியவரின் உயிரைப் பறிப்பது ஒட்சிசன் இல்லாமை. மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கும். உப்பு மூட்டை தேடி ஓடினால் தொலைவது அந்த நிமிடங்கள்தான். தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்குவதும் கூடாது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்துங்கள். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கட்டும். மற்றவர் தலையைப் பின்சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, மார்பு எழும்பும்படி வாய்வழி ஊதவேண்டும். மூழ்கியவருக்கு முதலில் மூச்சுத்தான். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என மாறிமாறி. பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். வாசிப்பதால் மட்டும் இது கைவராது. வாவியில் தோணி விடுவோரும் பாசிக்குடா விடுதி ஊழியரும் முதலுதவிப் பயிற்சிப் பொம்மையில் அழுத்திப் பழகியே ஆகவேண்டும்.

கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மூச்சுத்திணறல் பின்னரும் வரலாம்.