கீழே கிடக்கும் குறிப்புக்கு வயது என்ன?

ரசீதில் "முருகே" என்று அச்சாகி, அதன் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. வாங்கியவர் பெயர் "முருகேசன் அண்ட் சன்ஸ்". மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் அது. கடைக்காரர் போனில், "தம்பி, அவரு பேரையே பாதியா வெட்டிட்டீங்களே, சண்டைக்கு வர்றாரு" என்றார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மென்பொருள் ஆவணப் பக்கங்களுக்குக் கீழே பயனர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள் மீது அன்று தொடங்கிய எரிச்சல்தான் இந்தப் பதிவு.

ரசீதில் பெயருக்கு இருபது எழுத்து இடம் விட்டிருந்தேன். அதை எழுதிய பிஎச்பி என்ற நிரல்மொழியில், எழுத்து வரிசையை வெட்டித் தரும் சப்ஸ்ட்ர் என்ற ஃபங்ஷனுக்கு இருபது என்று சொன்னால் அது எழுத்தை எண்ணாது, கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகான பைட்டை எண்ணும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'மு' என்பதில் 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு, ஆறு பைட். மு, ரு, கே மூன்றும் சேர்ந்து பதினெட்டு. மிச்சம் இரண்டு பைட்டில் 'ச' பாதியில் அறுந்து போனது. அதுதான் அந்தக் கறுப்பு வைரம்.

பிஎச்பியின் இணையக் கையேட்டில், நீளத்தை அளக்கும் ஸ்ட்ர்லென் ஃபங்ஷனின் பக்கத்தைத் திறந்தால், இது பைட்டின் எண்ணிக்கை, எழுத்தின் எண்ணிக்கை அல்ல என்று எழுதித்தான் இருக்கிறது. நான் படிக்கவில்லை. எல்லோரையும் போல நேராகப் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிட்டேன். அங்கேதான் பயனர்கள் எழுதும் குறிப்புகள் இருக்கும். அந்தக் காலத்தில் பிஎச்பி படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாதி வித்தை அந்தக் குறிப்புகளில் கற்றதுதான். மேலே இருப்பது இலக்கணம் என்றால், கீழே இருந்தது தெருப் பேச்சு.

அங்கே பரவலாகக் கிடந்த உத்தி ஒன்று: சரத்தை, அதாவது எழுத்து வரிசையை, பழைய லத்தீன் எழுத்து முறைக்கு மாற்றும் யுடிஎஃப்8_டீகோட் வழியாக அனுப்பிவிட்டு அப்புறம் எண்ணு. தெரியாத எழுத்தையெல்லாம் அது கேள்விக்குறியாக மாற்றிவிடும், நாம் கேள்விக்குறிகளை எண்ணிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், வேலை செய்தது. வெட்டுவதற்கு எம்பி_சப்ஸ்ட்ர் பயன்படுத்து என்றது இன்னொரு குறிப்பு. அதையும் போட்டேன். கறுப்பு வைரம் போனது. ஆனால் ரசீதில் "முருகேசன் அண்ட் சன்ஸ" என்று வந்தது. கடைசிப் புள்ளி காணோம்.

எம்பி_சப்ஸ்ட்ர் எண்ணுவது யுனிகோடு என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியலின் குறியீடுகளை. 'ன்' என்பது நமக்கு ஓர் எழுத்து. எம்பி_சப்ஸ்ட்ருக்கு 'ன' ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. அந்தப் பெயரில் நாம் எண்ணினால் இடைவெளிகளோடு சேர்த்து 13 எழுத்து. எம்பி கணக்கில் 21. பைட்டில் 59. இருபதோடு வெட்டியதில் இருபத்தொன்றாவதாக நின்ற புள்ளி விழுந்துவிட்டது. கிராஃபீம்_சப்ஸ்ட்ர் என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது, இன்ட்ல் என்ற கூடுதல் இணைப்போடு வருவது. அதுதான் நம் கணக்கில் எண்ணும். அது எனக்குத் தெரிய வர இன்னும் இரண்டு மாதம் ஆனது.

என்னைத் திசைதிருப்பியவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. அவரவர் மொழிக்கு, அவரவர் வெர்ஷனுக்கு அது சரி. பிரெஞ்சுக்காரருக்கு எம்பி_சப்ஸ்ட்ர் பெரும்பாலும் போதும். ஆனால் அந்தக் குறிப்பு எந்த வெர்ஷனுக்கு எழுதப்பட்டது, எந்த மொழியில் சோதித்தது என்பது எங்கேயும் இல்லை. "12 ஆண்டுகளுக்கு முன்" என்று மட்டும் போட்டிருக்கும். பன்னிரண்டு ஆண்டு என்றால் எந்த வெர்ஷன் என்று படிக்கிறவன் மனக்கணக்குப் போட வேண்டும். புதிதாகக் கற்கிறவனுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

யுடிஎஃப்8_டீகோட் 2022-இல் வந்த பிஎச்பி 8.2-இல் கைவிடப்பட்ட பட்டியலுக்குப் போய்விட்டது. ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஸ்ட்ர்_கன்டெயின்ஸ் 2020-இல் 8.0-ஓடு வந்துவிட்டது. அதற்கு முன் இதற்காக ஆளுக்கொரு ஃபங்ஷன் சொந்தமாக எழுதி, சொல் இருக்கும் இடத்தைத் தேடும் ஸ்ட்ர்பாஸ் மாதிரிப் பக்கங்களின் அடியில் ஒட்டினார்கள். மொழி நகர்ந்துவிடுகிறது, குறிப்பு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஓட்டு இருக்கிறதே என்பீர்கள். மேல் அம்பு, கீழ் அம்பு, அதிக ஓட்டு வாங்கியது மேலே. இதில்தான் எனக்குப் பெரிய சண்டை. ஓட்டு என்பது சேர்ந்துகொண்டே போகும் சாமான். பழைய குறிப்புக்குப் பத்து வருஷ ஓட்டு, நேற்று வந்த சரியான குறிப்புக்கு இரண்டு. அந்தக் குறிப்பு வேலை செய்த காலத்தில் விழுந்த ஓட்டு, அது செத்த பிறகும் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. வெர்ஷன் மாறும்போது ஓட்டைப் பூஜ்யமாக்கினால் என்ன குறைந்துவிடும்? "பயன்பட்டதா" என்று கேட்பதை விட்டுவிட்டு "எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தீர்கள்" என்று கேட்டாலே பாதிக் குப்பை தானாக அடியில் போய்விடும்.

கல்லூரியில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்குவோம். முன்பு வைத்திருந்தவன் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருப்பான், "இந்த விடை தப்பு, மைனஸ் விட்டுப்போச்சு" என்று. அந்தக் கணக்குக்கு நேர் பக்கத்தில் எழுதியிருப்பான். புத்தகத்தின் கடைசி அட்டையில் எழுதி வைத்திருந்தால் எனக்கு என்ன பிரயோஜனம்? மென்பொருள் ஆவணங்களில் நாம் செய்துகொண்டிருப்பது கடைசி அட்டையில் எழுதுகிற வேலை. நான்காவது பத்தியில் உள்ள பிழைக்கான திருத்தம், நாற்பது குறிப்புகளுக்குக் கீழே.

பக்கத்திலேயே எழுதும் வழியைச் செய்து பார்க்காமல் இல்லை. ஜாங்கோ என்ற இணையதளம் கட்டும் மென்பொருளைப் பற்றி அதை உருவாக்கியவர்களே எழுதிய புத்தகத்தை 2006-இல் இணையத்தில் ஏற்றியபோது, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் கருத்து எழுத வழி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வரைவை மக்கள் முன் வைத்தபோது, எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த வரிக்கே கருத்து போடலாம். கருத்து கூடக்கூட அந்த வரியின் மஞ்சள் அடர்த்தியாகும். எந்த வாக்கியத்தில் தகராறு என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஒரு டாக்குமென்டேஷன் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தனை வருஷம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பக்கத்தின் அடியில் "இந்தப் பக்கம் உதவியதா? ஆம், இல்லை" என்ற இரண்டு பொத்தான்தான் கிடைக்கிறது. இல்லை என்று அமுக்கினால் நன்றி சொல்கிறது. எதற்கு நன்றி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் மூடிவிடுகிற கட்சி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணங்களில் முன்பு பக்கத்தின் கீழேயே கருத்து எழுதலாம். இப்போது பிழை இருந்தால் தெரிவிக்க ஒரு படிவம். இணைய நிரலாளர்களுக்கான மொசில்லாவின் எம்டிஎன் ஆவணத் தளம் விக்கியாகவே இருந்தது, யாரும் திருத்தலாம். 2020 டிசம்பரில், நிரல்களை வைத்துத் திருத்தும் தளமான கிட்ஹப்புக்கு மாறியது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்பாமைக் கூட்டித் தள்ளுவது சின்ன வேலை இல்லை, செய்கிறவர்களில் பாதிப்பேர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். திருத்தம் நேராக மூலத்துக்கே போய்ச் சேருவதும் நல்லதுதான்.

ஆனால் கிட்ஹப் கணக்கு, ஃபோர்க் என்ற சொந்தப் பிரதி, புல் ரிக்வெஸ்ட் என்ற திருத்த விண்ணப்பம் என்று வாசலில் மூன்று படி வைத்தால் யார் ஏறி வருவார்கள்? ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான். கற்கிறவன் தடுக்கி விழுகிற இடம் கற்றவன் கண்ணுக்குத் தெரியாது. விழுந்தவனே எழுதினால்தான் உண்டு. எழுதுவதற்கு அவனுக்கு இருப்பது ஐந்து நிமிடப் பொறுமை.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் நடந்திருக்கிறது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில் டாக்குமென்டேஷன் என்று தனிப் பகுதி திறந்து, 2017 ஆகஸ்டில் மூடியது. ஆளுக்கு ஆள் எடுத்துக்காட்டு சேர்க்கலாம், அதற்குப் புள்ளி உண்டு. புள்ளி என்றால் நம்மாட்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதில் பட்டது வேறு. கேள்வி கேட்க ஒருவன் இருக்கும்போது பதிலுக்கு ஒரு வடிவம் வருகிறது. கேள்வியே இல்லாமல் ஆவணம் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு 'ஹலோ வேர்ல்ட்' பாலபாடம் எழுதுகிறார்கள்.

என்னைக் கேட்டால், ஆவணத்தின் கீழ் வரும் குறிப்பை உரையாடலாக நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. அது குடும்ப அட்டையில் திருத்தம் கேட்டுக் கொடுக்கிற மனு மாதிரி. மனு ஏற்கப்பட்டால் பெயர் அட்டையில் மாறும், மனு கோப்புக்குள் போய்விடும். யாரும் அட்டையோடு மனுவையும் சேர்த்துப் பின் அடித்து ரேஷன் கடைக்குக் கொண்டு போவதில்லை. நல்ல குறிப்பு என்றால் அது மேலே உள்ள உரையில் கலந்து, கீழே காணாமல் போக வேண்டும். எழுதியவர் பெயரை, என்ன மாறியது என்று எழுதிவைக்கும் பட்டியலில் போடுங்கள், அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏற்கவில்லையா, அதற்கும் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள்.

அந்த ஒரு வரிக்கு ஏங்கியவன் நான். ஒரு மென்பொருள் லைப்ரரியின் ஆவணத்தில் தேதி வடிவம் தப்பாக இருந்தது. எடுத்துக்காட்டோடு படிவத்தில் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் திருத்தியிருந்தார்கள், நான் எழுதிய எடுத்துக்காட்டை அப்படியே போட்டு. கோபமா சந்தோஷமா என்று தெரியாமல் டீ குடிக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் அங்கே நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு பிழை கண்ணில் பட்டது, விட்டுவிட்டேன்.

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, "அண்ணா, பேரை வெட்டினா புள்ளி போயிடுது" என்றாள். எம்பி_சப்ஸ்ட்ர் போட்டிருந்தாள். எங்கே பார்த்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து பிஎச்பி கையேட்டில் ஒரு குறிப்பு எழுதினேன். முதல் வரியிலேயே எந்த வெர்ஷனில் சோதித்தேன் என்று போட்டேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஸ்ட்ர்லென் 15, எம்பி_ஸ்ட்ர்லென் 5, கிராஃபீம்_ஸ்ட்ர்லென் 3. ஏன் என்று நான்கு வரி. அனுப்பும் முன், மனிதன்தானா என்று பார்க்க ஒரு கணக்குக் கேட்டது: ஒன்பதா பூஜ்யமா, எது பெரியது? விடையை எண்ணில் எழுதக் கூடாதாம், எழுத்தில் எழுத வேண்டுமாம். எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.