காவடிப் படம் எடுக்கப் புது பாடி வேண்டாம், லென்ஸ் வாங்குங்கள்

தைப்பூசம் நெருங்கினால் போதும், மொரீஷியஸில் கேமரா விசாரிப்பு தொடங்கிவிடும். எல்லாரும் கேட்பது எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) என்றுதான். எந்த லென்ஸ் என்று கேட்பவர் அரிது. கையிலுள்ள ரூபாயை மூன்று பங்காக்கி, இரண்டை லென்ஸுக்கு ஒதுக்குங்கள்.

வெயிலில் வித்தியாசம் தெரியாது. காத்ர் போர்ன் மலைக்கோவிலுக்குக் காவடி ஏறும் பகலில், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, எஃப் 8-இல் வைத்தால் கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸே நன்றாக எடுக்கும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். கோவிலுக்குள் போனால்தான் சிக்கல். முழு ஜூமான 55 மில்லிமீட்டரில் அந்த லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. விளக்கொளியில் 1/125 நொடி ஷட்டர் வேகத்துக்கு அது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 12800 கேட்கும் இடத்தில், 50 எஃப் 1.8 லென்ஸுக்கு 1250 போதும். மூன்று ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்)! பாடியை மாற்றி ஒரு ஸ்டாப் கிடைத்தாலே பெரிது. கன்னத்தில் அலகு நுழையும் இடத்துத் தோல் சுருக்கம், நெற்றியில் வியர்வையோடு ஒட்டிய திருநீறு எல்லாம் 12800-இல் குழைந்துபோகும், 1250-இல் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: க்ராப் சென்சாரில் (முழு பிரேமைவிடச் சிறியது) இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-க்குக் கூர்மை சுமார் 11 செ.மீ. ஆழம்தான். கண்ணில் போகஸ் வைத்தால், முன்னே நீளும் வேலின் நுனி மங்கும். அதுவும் வேண்டுமென்றால் துளையை எஃப் 2.8-க்குக் குறுக்குங்கள். மண்டபத்தில் பின்வாங்க இடமில்லாதவர்கள் முதலில் 35 எஃப் 1.8 வாங்குவது நல்லது.

இருட்டிய பின் நடக்கும் தீமிதியில் ஆட்டோபோகஸும் லென்ஸை நம்பித்தான் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) போகஸ் பிடிப்பது அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போது. எஃப் 5.6 லென்ஸ் முன்னும் பின்னும் தேடி முடிப்பதற்குள் பக்தர் குழியைக் கடந்திருப்பார்.

மெகாபிக்சலுக்காகப் பாடி மாற்றுவது வீண் செலவு. 12க்கு 18 அங்குலப் பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும், 20 மெகாபிக்சல் போதும். 2012-இல் வந்த நிக்கான் டி3200-இலேயே 24 இருந்தது. ஆனால் அந்த வரிசைப் பாடிகளில் போகஸ் மோட்டார் கிடையாது. பாடியின் மோட்டாரை நம்பும் பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று பார்த்து வாங்குங்கள். கேனானில் 1987 முதல் வந்த ஈஎஃப் லென்ஸ்கள், அடாப்டர் போட்டால் இன்றைய ஆர்எஃப் (கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்) பாடியிலும் ஆட்டோபோகஸோடு வேலை செய்யும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது அப்பர்ச்சரைத் திறந்துவைத்துப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் பரவாயில்லை, பின் கண்ணாடியில் கூடாது. பிறகு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக வைத்து, முழு அப்பர்ச்சரில் ஒரு படம். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கத்து ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பா கட்டாயம். சிலிக்கா ஜெல்லோடு சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். தோல் உறையில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும்.