அவன் குடித்திருக்கவில்லை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நின்ற ஒருவனைக் குடிகாரன் என்று வெளியே இழுக்கிற வீடியோவை உங்களில் பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். அதில் இருப்பது என் மகன். "காலையிலேயே ஃபுல் போதை" என்று எழுதி ஊர்க் குழுக்களில் சுற்றவிட்ட தம்பிக்கும், அதன் கீழே சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவன் குடித்திருக்கவில்லை. பக்கவாதம் வந்து மீண்டுகொண்டிருக்கிறான். வலது கால் தரையை இழுத்துக்கொண்டுதான் வரும். பேச்சு குழறும். எதிரில் இருப்பவர் சொல்வது முழுக்கப் புரியும், பதில்தான் வாயில் வராது. அவசரப்படுத்தினால் வருகிற ஒரு வார்த்தையும் நின்றுவிடும்.

அந்த வீடியோவின் கடைசி நொடிகளைப் பாருங்கள். இடது கை சட்டைப் பையைத் துழாவுகிறது. உள்ளே லேமினேட் செய்த அட்டை இருக்கிறது: "எனக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. பேச நேரம் கொடுங்கள். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்." அட்டை வெளியே வருவதற்குள் உங்களுக்குப் போதுமான அளவு படம் கிடைத்துவிட்டது.

வரிசையிலிருந்து அவனை வெளியே இழுத்தவர் பிடித்தது வலது கையை. பக்கவாதம் வந்த கையை அப்படி இழுக்கவே கூடாது. தோளைத் தாங்கும் தசையில் பலம் இருக்காது, மூட்டு நழுவிவிடும். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிற உடம்பு வேறு. முழங்கைக்கு மேலே இன்னும் கருநீலமாகக் கன்றிப்போய் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை அவனால்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இவனைக் குடிகாரன் என்று முடிவு கட்டியது இது முதல் தடவை இல்லை. பக்கவாதம் வந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள்.

பதினோரு வயதில் தொண்டைவலி, காய்ச்சல், அப்புறம் மூட்டு வீக்கம். ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். மூட்டுவலி போய்விட்டது, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது. 22 வயதில் கோவையில் அறுவை சிகிச்சை செய்து உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி வீடு அடங்கியதும் அது கடிகாரம் போல டிக் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் ஆயுசுக்கும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. அளவு ஏறினால் ரத்தக்கசிவு, இறங்கினால் ரத்தக்கட்டி. இறங்கிய சமயத்தில்தான் ஒரு கட்டி மூளைக்குப் போனது.

சீசன் நேரம், கடைவீதியில் கூட்டம். வேலைக்குப் போகிற வழியில் தள்ளாடி உட்கார்ந்திருக்கிறான். "மப்பு, படுத்தா தெளிஞ்சிரும்" என்று ஒரு திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாய் கோணியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. தெரிந்த ஒரு ஆட்டோக்காரத் தம்பி முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டு 108-ஐக் கூப்பிடும்போது மதியம் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை, அங்கிருந்து கோவை. மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவனுடைய ஐ.என்.ஆர். அந்த ஊசி போடக்கூடிய அளவில்தான் இருந்தது. நேரம்தான் கடந்துபோயிருந்தது. பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று படித்தேன். அந்தத் திண்ணையில் போனது எத்தனை நிமிடம்?

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தள்ளாடுகிறவரைப் பார்த்தால் படம் பிடிக்கப் போனை எடுக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108. குடித்தவராகவே இருந்தாலும் பக்கவாதம் வரும், அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

"வீடியோவைத்தான் டெலிட் பண்ணியாச்சே, விடுங்கக்கா" என்கிறார்கள். எங்கே டெலிட் ஆனது? நேற்றுக்கூட மஞ்சூரிலிருந்து ஒருவர் அனுப்பினார். குடித்துவிட்டுப் பஸ்ஸில் தொல்லை கொடுப்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நானும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். அதற்கு என் மகன் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"இப்படிப்பட்டவனை ஏன் தனியா அனுப்பினீங்க?" இதுதான் ரொம்பச் சுட்டது. அவனுக்கு 29 வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நான்தான் குளிப்பாட்டினேன். குளித்து முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே இருப்பான். வளர்ந்த ஆண்பிள்ளை, பெற்றவள் முன்னால் உட்கார்ந்திருக்கிற கூச்சம். இடது கையால் தானே சோப்புப் போடப் பழகிய அன்று என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான். வெளியே நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். "தண்ணி" என்று சொல்ல வராத நாட்களிலும் பழைய பாட்டு வரிகள் முழுசாக வரும். மூளையில் அதற்கு வேறு வழி உண்டாம். வார்த்தைக்குத் தவிக்கும்போது நாம் முடித்துக்கொடுக்கக் கூடாது என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். பிள்ளை தவிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பது என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போய் வருவது அவனே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அன்றும் அதற்குத்தான் போனான். உங்கள் வீடியோவுக்குப் பயந்து அதைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீடியோ பார்த்து போன் செய்தார்கள். குடியா என்று முதலில் கேட்டார்கள். இல்லை, இதய நோய், பக்கவாதம் என்று சொன்னதும், அப்படியானால் குடும்பத்தில் வருகிற வியாதியா என்றார்கள். தொண்டையில் வந்த கிருமிக் காய்ச்சலின் விளைவு அது, பரம்பரை நோய் இல்லை என்று விளக்கினேன். "சரிங்க, கல்யாணத்தன்னைக்கு மட்டும் அவரைக் கொஞ்சம் உள்ள உட்கார வெச்சிருங்க" என்றார்கள். சொந்தத்திலும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

உட்காரவைக்க மாட்டேன். இந்த இடமோ வேறு இடமோ, என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வரப்போகிற மச்சான் இவன்தான். வலது கை தோளுக்கு மேல் எழாது, இடது கையால்தான் போடுவான். அது ஆகாது என்கிறவர்கள் பத்திரிகை வைக்க வரும்போதே என்னிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.