மீன் தொட்டியில் மயில்துத்தம் போடாதீர்கள்

"கோமாளி மீனில் வெள்ளைப் புள்ளியா? தொட்டியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்கள், மூன்றே நாளில் குணம்" என்று ராமநாதபுரம், மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ரவை ஒட்டினாற்போல் தெரிவது கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. சில நாளில் தானாகவே உதிர்ந்து, மணலில் கூடு கட்டிப் பெருகித் திரும்ப வரும். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு (காப்பர் சல்பேட்). செம்பு மருந்து இதற்கு உண்டுதான். ஆனால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தினமும் அளவு சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். பவளமும் கடல் சாமந்தியும் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அவை செத்துவிடும், பாவம். பழைய தொட்டியை மீனில்லாமல் 6 வாரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

சந்தேகமா? மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.