டேட்டாவை அணைத்தால் மட்டும் போதாது

"வெளிநாட்டில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்தால் போதும், இன்கமிங் கால் இலவசம்" என்று ஓசூர், கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

இலவச இன்கமிங் இந்தியாவுக்குள் நமக்குப் பழகிப்போன வசதி. சிங்கப்பூரில் இறங்கி, நம்மூர் சிம்மில் ரோமிங் ஓடும்போது, ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே நிமிடக் கணக்கில் காசு போகும். ரோமிங் பேக் போட்டிருந்தால் பொதுவாக அதன் வரம்பில் கழியும். டேட்டாவை அணைத்தால் இணையம் மட்டும்தான் நிற்கும்.

செலவே வேண்டாமென்றால் ஏரோபிளேன் மோடு போட்டு, விடுதி வைஃபையில் வாட்ஸ்அப்பில் பேசுங்கள். அப்போது வங்கி ஓடிபி எஸ்எம்எஸ் வராது, அதுதான் சங்கடம். அமீரகத்தில் வாட்ஸ்அப் காலையும் நம்ப முடியாது.

நாடுவாரியான கட்டணம் உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியில், இன்டர்நேஷனல் ரோமிங் பகுதியில் இருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் பாருங்கள். அந்தத் தவறான வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.